பிணக்கும் இணக்கமும்

குஜராத்தின் கடற்கரை நகரமான போர்பந்தரைச் சேர்ந்த வணிகர் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து சென்று தென்னாப்பிரிக்காவில் வணிகம் செய்தனர். அவர்களுள் மேமன் என்னும் வணிகக் குடியினர் செல்வமும் செல்வாக்கும் மிக்கவர்கள். டர்பன் துறைமுகத்தில் தாதா அப்துல்லாவும் பிரிட்டோரியா நகரில் தையப் ஹாஜி கான் முகம்மதும் பெருவணிகர்களாக விளங்கினர். இருவரும் ஒரே ஊரினர், ஒருவருக்கொருவர் உறவினர். கொடுக்கல் வாங்கலில் அவர்களிடையே எழுந்த பிணக்கு நாளடைவில் முற்றி, 40,000 பவுண்டு கோரும் வழக்காக நீதிமன்றம் ஏறியது.

இவ்வழக்கில் தாதா அப்துல்லாவின் நிறுவனத்துக்கு உதவுவதற்காக இந்தியாவிலிருந்து ஓர் இளைஞர் வரவழைக்கப்பட்டார். ஓராண்டுப் பணி, ஊதியம் 105 பவுண்டு, போக வர முதல் வகுப்புக் கப்பற்கட்டணம். இவையே அவருக்கு அளிக்கப்பட்ட உறுதி. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதிடும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. பெரிய வழக்குரைஞர்களை அமர்த்தியாயிற்று. அவர்களுக்கு வழக்கின் செய்திகளை எடுத்துரைப்பதும், குஜராத்தி மொழியில் அமைந்த கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் அவருடைய வேலை. 1893ஆம் ஆண்டு ஏப்ரலில் கப்பலேறிய அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பது அவர் பெயர். மகாத்மா என்று உலகம் அழைப்பதற்குப் பல்லாண்டுகள் இருந்தன.

பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் தொழில் அவருடைய குடும்பத்துக்குப் புதிதன்று. தந்தை கரம்சந்த் காந்தி போர்பந்தரிலும் இராஜ்கோட்டிலும் திவானாகப் பணியாற்றியவர். இராஜஸ்தானிக் மன்றம் என்னும் அவையில் உறுப்பினராகவும் இருந்தார். சிற்றரசர்களுக்கும் அவர்தம் குடிவழியினருக்கும் இடையே எழும் பூசல்களைத் தீர்த்துவைப்பது அம்மன்றத்தின் பணியாகும். கரம்சந்த் ஏட்டுக் கல்வி மிகுதியாகப் பெற்றவர் அல்லர். ஆயினும் உலகியல் அறிவாலும் மனிதரை எடைபோடும் திறத்தாலும் சிக்கலான பூசல்களையும் அவிழ்க்க வல்லவர் என்று பெயர் பெற்றிருந்தார்.

மகனோ ஏட்டுக் கல்வியைத் தேடி 1888ஆம் ஆண்டு இலண்டன் சென்றார். இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் பயின்று, 1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அடுத்த நாள் உயர்நீதிமன்றத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அதற்கடுத்த நாளே தாயகத்துக்குக் கப்பலேறினார். சட்டம் படித்தாகிவிட்டது, சட்டத்தைக் கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. உரோமச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்திருந்த அவருக்கு, இந்தியச் சட்டம் பற்றி ஏதும் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை.

பம்பாயில் அவர் ஏற்ற முதல் வழக்கு சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. கட்டணம் முப்பது ரூபாய். வழக்குப் பிடித்துத் தரும் தரகருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் அங்கே நிலவியது. அதற்கு அவர் உடன்படவில்லை. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குக் கால்கள் நடுங்கின; தலை சுழன்றது; கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வேறொரு வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கட்சிக்காரரிடம் கூறிவிட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேறினார். தென்னாப்பிரிக்கா செல்லும் வரை அவர் மீண்டும் நீதிமன்றம் ஏறவில்லை. இராஜ்கோட்டில் விண்ணப்பங்களும் மனுக்களும் எழுதிப் பிழைத்துவந்த நிலையில்தான் தாதா அப்துல்லா நிறுவனத்தின் அழைப்பு வந்தது.

டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குச் செல்லும் வழியில், 1893 ஜூன் 7ஆம் நாள் இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் தொடர்வண்டி நிலையத்தில் அவர் வண்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்ட நிகழ்ச்சியை அறியாதவர் இலர். முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும், தோலின் நிறம் காரணமாக அவருக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. அந்நிகழ்ச்சியின் பேரொளியில், அவர் எதற்காகப் பிரிட்டோரியாவுக்குப் பயணம் செய்தார் என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. குளிரில் நடுங்கியவாறு அவ்விரவைக் கழித்தபோது, ஏற்றுக்கொண்ட வழக்கை முடிக்காமல் ஊர் திரும்புவது கோழைத்தனம் என்ற எண்ணமும் அவரைத் தடுத்து நிறுத்திய காரணங்களுள் ஒன்றாகும்.

பிரிட்டோரியாவை அடைந்தபின் அவர் வழக்கின் தாள்களில் மூழ்கினார். அது கணக்குகளின் காடு. தாதா அப்துல்லாவின் கோரிக்கையில் ஒரு பகுதி கடனுறுதிச் சீட்டுகளை அடிப்படையாகக் கொண்டது. மற்றொரு பகுதி, அத்தகைய சீட்டுகளைத் தருவதாகச் செய்யப்பட்ட வாக்குறுதியை நிறைவேற்றக் கோருவது. அச்சீட்டுகள் வஞ்சகமாகப் பெறப்பட்டவை, அவற்றுக்கு உரிய கைம்மாறு தரப்படவில்லை என்பது தையப் சேட்டின் எதிர்வாதம். கணக்கு எழுதும் முறையே அறியாத காந்தியடிகளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கணக்குப் பதிவியல் நூல் ஒன்றை விலைக்கு வாங்கிப் பயின்றார். பற்று எது, வரவு எது என்று புரியத் தொடங்கியதும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒவ்வொரு பதிவையும் வரிசைப்படுத்தினார். கட்சிக்காரரின் கணக்கரோடு அமர்ந்து ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். வழக்கின் உண்மைச் செய்திகளைத் துருவி அறிந்துவிட்டால், சட்டத்தின் பெரும்பகுதி தானே வந்து துணை நிற்கும் என்பதை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான்.

அவ்வாறு ஆராய்ந்ததன் பயனாக இரண்டு முடிவுகளுக்கு அவர் வந்தார். தாதா அப்துல்லாவின் தரப்பு வலுவானது, சட்டம் அவர் பக்கமே நிற்கும் என்பது முதலாவது. வழக்கைத் தொடர்ந்து நடத்தினால் வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே அழிவர் என்பது இரண்டாவது. முதல் முடிவோடு நின்றிருந்தால் அவர் திறமையான வழக்குரைஞர் என்று பெயர் பெற்றிருப்பார், அவ்வளவே.

வழக்கு எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. இரு தரப்பினரும் நாட்டின் தலைசிறந்த வழக்குரைஞர்களை அமர்த்தியிருந்தனர். அவர்களுடைய கட்டணம் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. வணிகர் இருவரும் வேறு வேலை எதிலும் மனம் செலுத்த முடியாமல் வழக்கையே நினைத்து உழன்றனர். வென்ற தரப்பினருக்குச் செலவுத்தொகை கிடைக்குமே என்று தோன்றலாம். நீதிமன்றம் ஒரு தரப்பிடமிருந்து மறு தரப்புக்குப் பெற்றுத்தரும் செலவுத்தொகைக்கு வரையறை உண்டு. கட்சிக்காரர் தம் வழக்குரைஞருக்கு உண்மையில் கொடுக்கும் தொகையோ அதனினும் பன்மடங்கு மிகுதி. ஆகவே வென்றவரும் தம் கைப்பொருளை இழந்தே வெற்றியைப் பெறுகிறார். இதனை எண்ணிப் பார்த்தபோது, தம் தொழில்மீதே அவருக்கு வெறுப்புத் தோன்றியது. இரு தரப்பு வழக்குரைஞர்களும் தத்தம் கட்சிக்காரருக்குச் சார்பான நுட்பங்களைத் தேடித்தரும் கடமையால் பிணக்கை மேலும் வளர்ப்பவர்களாகவே இருந்தனர்.

அவர் தையப் சேட்டை நேரில் சந்தித்தார். எதிர்த்தரப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சமரசம் பேச வருவதை ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. தம் சொல்லை நம்ப வேண்டியதில்லை, தம் வழக்குரைஞரையே கேட்டுக்கொள்ளலாம் என்று காந்தியடிகள் அறிவுறுத்தினார். இருவருக்கும் நம்பிக்கையுள்ள ஒருவரை நடுவராக ஏற்றுக்கொண்டால் வழக்கு விரைந்து முடியும் என்பதை எடுத்துக்காட்டினார். தாதா அப்துல்லாவிடமும் இதனையே வலியுறுத்தினார். வெல்லப்போகும் தரப்பை இணங்கச் செய்வது எளிதன்று. எனினும் தொடர்ந்த முயற்சிக்குப் பின் இருவரும் இசைந்தனர். நடுவர் அமர்த்தப்பட்டார். அவர்முன் இரு தரப்பு வாதங்களும் நடந்தன. தாதா அப்துல்லா வென்றார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது பயன் தரும். இரு தரப்பினரும் தாமே தேர்ந்து ஏற்ற நடுவர் தீர்ப்புச் சொல்வார். அத்தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தும். சமரசம் செய்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது. பகைத்து நிற்பவர்களை எதிரெதிரே அமரச் செய்து, அவர்களே ஒரு முடிவைக் கண்டடைய உதவுவதோடு அவர் பணி நிறைவடைகிறது. 2005ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கப்பட்ட சமரசத் தீர்வு மையம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு இயற்றிய சமரசச் சட்டமும் இவ்வகைக்கே உரியது. பிரிட்டோரியா வழக்கில் தீர்ப்பை வழங்கியவர் நடுவர். காந்தியடிகள் செய்தது சமரசம். அதன் கடினமான பகுதி தீர்ப்புக்குப் பின்னர்தான் தொடங்கியது.

நடுவர் தீர்ப்பின்படி தையப் சேட் செலுத்த வேண்டிய தொகை 37,000 பவுண்டும் வழக்குச் செலவும் ஆகும். முழுத் தொகையையும் உடனே செலுத்த அவரால் இயலவில்லை. நொடித்தவர் என்று அறிவித்துக்கொண்டால் சட்டம் அவருக்கு வழிவிடும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த போர்பந்தர் மேமன்களிடையே எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. நொடித்துப்போவதை விட இறப்பதே மேல் என்பது அது. தையப் சேட் ஒரு காசும் குறைத்துக் கொடுக்க விரும்பவில்லை. நொடித்தவர் என்ற பெயரையும் தாங்கத் துணியவில்லை. தீர்ப்பை அப்படியே நிறைவேற்ற முற்பட்டால் ஒரு மனிதரின் மானமும், ஒருவேளை உயிரும், அதற்கு விலையாகிவிடும் நிலை.

இந்நிலையில் வழி ஒன்றே இருந்தது. வென்றவர் தம் பணத்தைச் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ள இசைய வேண்டும். காந்தியடிகள் இப்போது தம் கட்சிக்காரரிடமே வாதாட வேண்டியவரானார். நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இணங்கச் செய்ததைக் காட்டிலும், தவணைக்குத் தாதா அப்துல்லாவை இசையச் செய்வதே அவருக்குக் கடினமாக இருந்தது. ஏன் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும். வழக்கு நடக்கும்போது தோல்வி பற்றிய அச்சம் இருவருக்கும் உண்டு; அந்த அச்சம் இருவரையும் சற்று வளையச் செய்யும். தீர்ப்புக் கைக்கு வந்தபின் வென்றவருக்கு வளைய வேண்டிய தேவையே கிடையாது. அந்நிலையிலும் தாதா அப்துல்லா பெருந்தன்மையோடு நீண்ட காலத் தவணைகளுக்கு ஒப்புக்கொண்டார். இருவரும் மகிழ்ந்தனர். ஊராரிடையே இருவருடைய மதிப்பும் உயர்ந்தது. கடனைத் திருப்பிச் செலுத்துபவரும் பெறுபவரும் மீண்டும் உறவினராயினர்.

இந்த ஒரு வழக்கே காந்தியடிகளின் தொழில் வாழ்க்கைக்குத் திசை காட்டியது. பிளவுபட்டு நிற்பவர்களை ஒன்றுசேர்ப்பதே வழக்குரைஞரின் உண்மையான பணி என்று அவர் கருதினார். பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வழக்குரைஞராக இருந்தார். அக்காலத்தின் பெரும்பகுதி, நூற்றுக்கணக்கான வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கமாக முடிப்பதில் கழிந்தது. இதனால் அவருக்குப் பண இழப்பும் நேரவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

ஓராண்டுப் பணி முடிந்து 1894ஆம் ஆண்டு தாயகம் திரும்பவிருந்தவரை, நேட்டால் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்ட முன்வடிவு அங்கேயே நிறுத்திவிட்டது. நேட்டால் உச்சநீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ள அவர் விண்ணப்பித்தபோது வழக்குரைஞர் கழகம் எதிர்த்தது. தலைமை நீதிபதி அவ்வெதிர்ப்பைத் தள்ளிவிட்டார். அதே ஆண்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது.

அதன்பின் சில மாதங்களுக்குள் ஒரு தமிழர் அவர் முன் வந்து நின்றார். கிழிந்த ஆடை, கையில் தலைப்பாகை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி வழிந்துகொண்டிருந்தது. பாலசுந்தரம் என்னும் அவர் ஒப்பந்தக் கூலியாக டர்பனில் ஒரு வெள்ளையரிடம் வேலை செய்தவர். முதலாளி சினத்தில் தன்னிலை மறந்து அவரை அடித்திருந்தார். காந்தியடிகளின் எழுத்தரும் தமிழர் ஆகையால், அவர் வாயிலாகப் பாலசுந்தரத்தின் துயரம் முழுவதும் தெரியவந்தது. காந்தியடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்று பெற்றார். உடனே நடுவர் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார். நீதிபதி முதலாளிக்கு அழைப்பாணை பிறப்பித்தார்.

முதலாளி தண்டனை பெற வேண்டும் என்பது காந்தியடிகளின் நோக்கம் அன்று. பாலசுந்தரம் விடுபட வேண்டும் என்பதே. ஒப்பந்தக் கூலியின் நிலை சாதாரண வேலையாளின் நிலையைப் போன்றதன்று. சாதாரண வேலையாள் சொல்லாமல் விலகினால் உரிமையியல் வழக்குத்தான் தொடர முடியும். ஒப்பந்தக் கூலி விலகினாலோ அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. முதலாளி தண்டிக்கப்பட்டாலும் பாலசுந்தரம் அவரிடமே திரும்பிச் செல்ல வேண்டியவராவார். வழக்கில் வென்றும் அடிமையாகவே இருப்பதில் என்ன பயன்? காந்தியடிகள் முதலாளியைச் சந்தித்தார். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித்தர அவர் இசைந்தார். ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் எனப்படும் அரசு அலுவலரும், புதிய முதலாளி ஒருவரைக் கண்டுபிடித்தால் இதற்கு உடன்படுவதாகக் கூறினார். இந்தியர் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ள அன்று இயலாது. ஆகவே தமக்குத் தெரிந்த ஐரோப்பியர் ஒருவரைக் காந்தியடிகள் ஏற்பாடு செய்தார். நீதிபதி முதலாளியைக் குற்றவாளி என முடிவு செய்து, ஒப்பந்தத்தை மாற்றித்தர அவர் உடன்பட்டதையும் பதிவு செய்தார்.

இந்நிகழ்ச்சியில் சட்டமும் சமரசமும் கைகோத்து நின்றதைக் காணலாம். அழைப்பாணை இல்லாமல் முதலாளி பேச வந்திருக்க மாட்டார். வலியவரும் எளியவரும் எதிரெதிரே நிற்கும்போது வெறும் நயமொழி எளியவரைக் காப்பதில்லை. அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்தாக வேண்டும். தாதா அப்துல்லாவும் தையப் சேட்டும் ஒத்த நிலையினர். பாலசுந்தரத்தின் நிலை வேறு. இந்த வேறுபாட்டைக் காந்தியடிகள் அறிந்திருந்தார். பாலசுந்தரத்தின் வழக்குப் பற்றிய செய்தி ஒப்பந்தத் தமிழர்களிடையே பரவியது. சென்னை மாகாணத்திலும் அது பேசப்பட்டது.

சமரசத்துக்கு அடிப்படை உண்மை என்பதில் அவர் எத்துணை உறுதியாக இருந்தார் என்பதை மற்றொரு வழக்குக் காட்டும். சிக்கலான கணக்குகளைக் கொண்ட பெரிய வழக்கு ஒன்றில், நீதிமன்றம் கணக்குப் பகுதியைத் தேர்ந்த கணக்கர்களின் தீர்ப்புக்கு விட்டது. அத்தீர்ப்பு முழுவதும் காந்தியடிகளின் கட்சிக்காரருக்குச் சாதகமாக அமைந்தது. ஆனால் நடுவர்கள் ஒரு தவறு செய்திருந்தனர். பற்றில் எழுத வேண்டிய ஒரு தொகை வரவில் எழுதப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பு வேறு காரணங்களைக் காட்டித் தீர்ப்பை எதிர்த்ததேயன்றி, இப்பிழையைக் கவனிக்கவில்லை. கட்சிக்காரருக்குத் தீங்காகும் பிழையை வழக்குரைஞர் எடுத்துச்சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர், சொன்னால் முழுத் தீர்ப்பும் தள்ளப்படலாம் என்று மூத்த வழக்குரைஞர் எச்சரித்தார். பிழையை ஒப்புக்கொள்வதாயின் தாம் வாதிடப் போவதில்லை என்றும் கூறிவிட்டார். தோற்றாலும் தோற்கட்டும் என்று கட்சிக்காரர் காந்தியடிகளின் பக்கம் நின்றார்.

உச்சநீதிமன்றத்தில் காந்தியடிகள் தாமே எழுந்து பிழையை எடுத்துரைத்தபோது, இதில் ஏதேனும் தந்திரம் இருக்குமோ என்று ஒரு நீதிபதி ஐயுற்றார். காந்தியடிகள் பொறுமையாக விளக்கினார். அது கருதிச் செய்யப்பட்டதன்று, கைத்தவறே என்பது நீதிபதிகளுக்குத் தெளிவாயிற்று. அவர்கள் பிழையை மட்டும் திருத்தி, தீர்ப்பை உறுதி செய்தனர். முன்பு பம்பாயில் நாவெழாமல் நின்றவர் இவரே என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

நண்பரும் கட்சிக்காரருமான பார்சி ருஸ்தம்ஜியின் செய்தியும் இத்தகையதே. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பொருள்களை இறக்குமதி செய்த அவர் நெடுநாள்களாகச் சுங்க வரி ஏய்த்துவந்தார். காந்தியடிகளிடம் எதையும் மறைக்காத அவர் இதை மட்டும் மறைத்திருந்தார். அகப்பட்டுக்கொண்டதும் கண்ணீரோடு வந்து நின்றார். நீதிமன்றத்தில் வாதிட்டுத் தப்புவிக்க முயல்வதை விட, சுங்க அதிகாரியிடமும் அரசு தலைமை வழக்குரைஞரிடமும் முன்பு செய்தவற்றையும் சேர்த்து ஒப்புக்கொள்வதே வழி என்று காந்தியடிகள் அறிவுரை கூறினார். சிறை செல்வது இழிவன்று, குற்றம் செய்ததே இழிவு என்பது அவர் கருத்து. ருஸ்தம்ஜி தயங்கியே இசைந்தார். ஏய்த்ததாக ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இரு மடங்கு செலுத்துவதென்று முடிவாகி வழக்கு நீங்கியது. இச்செய்திகளை எல்லாம் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் அலுவலகச் சுவரில் ருஸ்தம்ஜி மாட்டிவைத்தார். தம் வாரிசுகளுக்கும் பிற வணிகர்களுக்கும் அது நினைவூட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1909ஆம் ஆண்டு கப்பற்பயணத்தின்போது எழுதிய இந்து சுயராஜ்ஜியம் என்னும் நூலில் வழக்குரைஞர் தொழிலைக் காந்தியடிகள் கடுமையாகச் சாடினார். அச்சாடலில் மிகை உண்டு. எளியவருக்கு அவரே நீதிமன்றத்தில் வழி கண்டவர் அல்லரோ! பிணக்குகளை மூன்றாம் மனிதரிடம் ஒப்படைத்துவிடும் மக்கள் தம்மைத் தாமே ஆளும் திறனை இழக்கிறார்கள் என்ற கவலையே அம்மிகைக்குக் காரணம்.

இந்தியா திரும்பியபின் அவர் வழக்குரைஞர் தொழில் செய்யவில்லை. பிணக்குகள் அவரைத் தேடி வந்தன. 1918ஆம் ஆண்டு அகமதாபாத் பஞ்சாலைகளில் கூலி உயர்வு குறித்துப் பூசல் மூண்டது. ஆலையதிபர்களின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த அனசூயா சாராபாய். அக்காவும் தம்பியும் எதிரணியில். இருவருமே காந்தியடிகளுக்கு வேண்டியவர்கள். அவர் முதலில் நடுவர் முறையையே முன்வைத்தார். அது தொடக்கத்திலேயே முறிந்தது. பிப்ரவரி 22ஆம் நாள் ஆலைகள் கதவடைக்கப்பட்டன. அதிபர்கள் தர இசைந்தது 20 விழுக்காடு. 35 விழுக்காடு கிடைக்கும் வரை வேலைக்குத் திரும்புவதில்லை என்று தொழிலாளர்கள் சபர்மதிக் கரையில் உறுதி பூண்டனர்.

நாள்கள் செல்லச் செல்லத் தொழிலாளர் வீடுகளில் பசி புகுந்தது, உறுதி தளர்ந்தது. மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். தொழிலாளர்களின் உறுதியைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் நண்பர்களான ஆலையதிபர்களை அது நெருக்கியது. நெருக்கடியால் வரும் இணக்கம் குறையுடையது என்று அவரே உணர்ந்து வருந்தினார். மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. அது விந்தையான உடன்பாடு. முதல் நாள் தொழிலாளரின் உறுதிமொழி காக்கப்பட 35 விழுக்காடு. இரண்டாம் நாள் அதிபர்களின் சொல் காக்கப்பட 20 விழுக்காடு. மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பு வரும் வரை இரண்டுக்கும் நடுவான இருபத்தேழரை விழுக்காடு. கணக்கில் இது குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றும். எனினும் எவரும் சொல் தவறியவராக வேலைக்குத் திரும்பவில்லை. நடுவராக ஏற்கப்பட்ட பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா, சில மாதங்களுக்குப் பின் 35 விழுக்காடு உயர்வையே தீர்ப்பாக வழங்கினார்.

1920ஆம் ஆண்டு அந்நகரில் தொழிலாளர் சங்கமும், பூசல்களைத் தீர்க்க நிலையான நடுவர் குழுவும் அமைந்தன. தொழிலாளர் தரப்பில் காந்தியடிகளும் அதிபர்கள் தரப்பில் மங்கள்தாஸ் கிரிதர்தாசும் அக்குழுவில் இடம்பெற்றனர். ஆயினும் காந்தியடிகள் சிறையில் இருந்த 1923ஆம் ஆண்டில் அதிபர்கள் கூலியைக் குறைத்தபோது, பெரும் வேலைநிறுத்தம் நேர்ந்தது. இரு தரப்பும் விரும்பும் வரைதான் நடுவர் முறை நிற்கும்.

ஒத்துழையாமை இயக்கம் இம்முறையை நாடு முழுவதற்கும் விரிக்க முயன்றது. நீதிமன்றங்களைப் புறக்கணித்து, பஞ்சாயத்துகளில் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளுமாறு 1920ஆம் ஆண்டு காங்கிரஸ் அழைத்தது. மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாசும் பெரும் வருவாயைத் துறந்தனர். இராஜாஜி வழக்குரைஞர் தொழிலைக் கைவிட்டார். பல ஊர்களில் பஞ்சாயத்துகள் எழுந்தன. தீர்ப்பை ஏற்காதவரை இணங்கவைக்க அவற்றிடம் வழி இல்லாமையால் பல விரைவில் மறைந்தன. 1922ஆம் ஆண்டு பிப்ரவரியில் இயக்கம் நிறுத்தப்பட்டபின் வழக்குரைஞர் பலர் நீதிமன்றத்துக்குத் திரும்பினர்.

அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் அகமதாபாத்தில் அரசுக்கு எதிராக எழுதிய குற்றத்துக்காகக் காந்தியடிகள் விசாரிக்கப்பட்டார். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறாண்டுச் சிறைத்தண்டனையை ஏற்றார். தண்டனை பெற்றவர் என்ற காரணத்தால் நவம்பரில் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. 1988ஆம் ஆண்டு அப்பெயரை அது மீண்டும் சேர்த்துக்கொண்டபோது, அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.